வேற்று மொழியில் பட்டம் பெறலாமா?

பிளஸ் டூ முடித்ததும் வெளிநாடு சென்று படிக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு உண்டா? உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் வகுப்பில் யாராவது ஒருவருக்கு இருக்கும். அப்படி எண்ணுகிறவர்கள் முதலில் விசாரிப்பது கட்டணம் எவ்வளவு, கடன் கிடைக்குமா, விசா எப்படிப் பெறுவது என்பவற்றைத்தான். "அங்கே பாடத்தை எந்த மொழியில் நடத்துவார்கள்? அந்த மொழியில் என்னால் சிந்திக்க முடியுமா?" என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சிலருக்கு விமானம் ஏறிய பிறகே வருகிறது!

இது சிறிய கேள்வி அன்று. பள்ளியில் முதல் மாணவராக விளங்கிய ஒருவர் வேற்று மொழியில் படிக்கச் செல்கிறார். முதல் பருவத் தேர்விலேயே பின்தங்கிவிடுகிறார். "எனக்கு மூளை போதாது" என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். வீட்டில் வாங்கிய கடனோ வட்டியுடன் வளர்கிறது. உண்மையில் குறை அவருடைய மூளையில் உள்ளதா? இல்லை என்கிறது அறிவியல். அப்படியானால் எங்கே இருக்கிறது? பார்ப்போம்.

பேச்சு வேறு, பாடம் வேறு

ஒரு மொழியில் "வணக்கம், எப்படி இருக்கிறீர்கள், பேருந்து எத்தனை மணிக்கு?" என்று சரளமாகப் பேசுகிற ஒருவரைப் பார்த்தால், "அவருக்கு அந்த மொழி தெரியும்" என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் மொழி அறிவில் இரண்டு வகை உண்டு என்பதைக் கனடா நாட்டுக் கல்வி அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஒன்று, அன்றாட உரையாடல் மொழி. மற்றொன்று, பாடம் கற்பதற்கான மொழி.

குடியேறியவர்களின் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில் அவர் கண்டது இதுதான். புதிய நாட்டில் நண்பர்களோடு தடையின்றிப் பேச அக்குழந்தைகளுக்குச் சுமார் 2 ஆண்டுகள் போதும். ஆனால் வகுப்புப் பாடத்தில் அந்நாட்டுக் குழந்தைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 ஆண்டுகள் பிடித்தன.

ஏன் இந்த வேறுபாடு? கடையில் பேசும்போது கையைக் காட்டலாம். முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம். புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம். விரிவுரையில் இந்த ஊன்றுகோல்கள் எதுவும் இல்லை. "வெப்பநிலை மாறாதிருக்குமானால், கொடுக்கப்பட்ட நிறையுள்ள வாயுவின் கன அளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும்" என்ற பாயில் விதியை எண்ணிப் பாருங்கள். இதில் கையால் சுட்டிக்காட்டக்கூடியது எதுவும் இல்லை. "மாறாதிருக்குமானால்" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் விதியே தவறிவிடும்!

மனத்தின் கரும்பலகை

நம் நினைவில் ஒரு சிறு கரும்பலகை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கேட்ட சொற்களைச் சில விநாடிகள் அதில் எழுதி வைத்து, முன்பு கற்றவற்றோடு பொருத்திப் பொருள் காண்கிறோம். உளவியலார் இதைச் செயல் நினைவு என்பர். இந்தப் பலகை மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய 7 உருப்படிகளையே நினைவில் நிறுத்த முடியும் என்று அமெரிக்க உளவியலார் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் என்பவர் அந்த எண்ணிக்கையை இன்னும் குறைத்து, சுமார் 4 என்றார்.

நன்கு தெரிந்த மொழியில் ஒரு முழுச் சொற்றொடரே ஓர் உருப்படியாக அடங்கிவிடுகிறது. அரைகுறையாகத் தெரிந்த மொழியிலோ ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக இடம் பிடிக்கிறது. "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று தேடும் வேலைக்கே பலகை நிறைந்துவிட்டால், "இந்த விதி ஏன் உண்மையாகிறது?" என்று சிந்திக்க இடம் ஏது? ஆசிரியர் அதற்குள் மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறார். மாலையில் தலை வலிக்கிறது. இதுதான் வேற்று மொழி வகுப்பின் களைப்பு. இது அறிவுக் குறைவன்று, இடக் குறைவு.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு நண்பரையும் கடிகாரத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100இலிருந்து 7, 7 ஆகக் கழித்துக்கொண்டே தமிழில் சொல்லுங்கள்: தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது... 2 வரை வர எத்தனை விநாடிகள் ஆயின? இப்போது 101இலிருந்து தொடங்கி அதையே ஆங்கிலத்தில் செய்யுங்கள். பிறகு உங்களுக்குச் சற்றே தெரிந்த மூன்றாவது மொழி ஒன்றில் 102இலிருந்து செய்யுங்கள். கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைக் கொண்டு எலிசபெத் ஸ்பெல்கி, சன்னா சிவ்கின் என்ற இரு ஆய்வாளர்கள் இதை நுட்பமாகச் சோதித்து 2001இல் வெளியிட்டனர். புதிய கணக்குகளைச் சிலவற்றை ஒரு மொழியிலும் சிலவற்றை மற்ற மொழியிலும் கற்பித்தனர். துல்லியமான விடை வேண்டிய கணக்குகளில், கற்ற மொழியில் கேட்டபோது விடை விரைவாக வந்தது. மற்ற மொழியில் கேட்டபோது தாமதித்தது. தோராய மதிப்பு மட்டும் போதும் என்ற கணக்குகளில் இந்த வேறுபாடு இல்லை. எண் வாய்பாடு போன்ற துல்லிய அறிவு, அதைக் கற்ற மொழியோடு பிணைந்தே மனத்தில் தங்குகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

காது கேட்கிறது, மனம் நிரப்புகிறது

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி கரகரக்கிறது. "...புரம் வழியாக ...னை செல்லும் பேருந்து" என்றுதான் காதில் விழுகிறது. இருந்தாலும் விழுப்புரம் வழியாகச் சென்னை செல்லும் பேருந்து என்று உங்களுக்குப் புரிந்துவிடுகிறது. விடுபட்ட ஒலிகளை உங்கள் மனம் நிரப்பிக்கொண்டது. தாய்மொழியில் இந்த நிரப்பும் வேலை நாம் அறியாமலே நடக்கிறது.

இரைச்சலும் எதிரொலியும் உள்ள அறையில், பின்னாளில் கற்ற மொழியைக் கேட்பவர்கள் தாய்மொழியைக் கேட்பவர்களைவிட அதிகமாகத் தடுமாறுகிறார்கள் என்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. அமைதியான அறையில் இருவரும் சமமாகப் புரிந்துகொண்டாலும், சத்தம் சேரும்போது வேறுபாடு வெளிப்படுகிறது. முந்நூறு பேர் அமரும் விரிவுரை மண்டபமும், இயந்திரங்கள் ஓடும் சோதனைச்சாலையும் அமைதியான இடங்களா? ஆகவே வேற்று மொழியில் படிப்பவர் முதல் வரிசையில் அமர்வது பெருமைக்காக அன்று. அது ஒலியியல் சொல்லும் பாதுகாப்பு.

எத்தனை சொற்கள் வேண்டும்?

"அறிவியலில் கடினமானவை கலைச்சொற்கள்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியன்று. கலைச்சொல்லை ஆசிரியரே விளக்குவார். புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும். அது அந்நாட்டு மாணவருக்கும் புதியதே. உண்மையான இடையூறு கலைச்சொற்களுக்கு நடுவே நிற்கும் சாதாரணச் சொற்கள்: "ஆயினும்", "எனக் கொள்வோம்", "இதற்கு மாறாக", "நிறுவுக", "நியாயப்படுத்துக" போன்றவை. இவற்றை எவரும் விளக்கமாட்டார். தெரியும் என்றே நினைப்பார்கள்.

ஆங்கிலப் பாடநூல்களை ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய 570 சொற்குடும்பங்களை ஏவரில் காக்ஸ்ஹெட் என்ற நியூசிலாந்து அறிஞர் 2000ஆம் ஆண்டில் பட்டியலிட்டார். ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து பிறந்த சொற்களையும் சேர்த்து ஒரு குடும்பம் என்பார்கள். கல்வி நூல் ஒன்றின் மொத்தச் சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் இந்த 570 குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகிறது! நாளொன்றுக்கு 2 சொற்குடும்பங்கள் வீதம் கற்றால் ஓராண்டுக்குள் முடிந்துவிடும். ஆங்கில வழிக் கல்லூரியில் சேர இருக்கும் தமிழ் வழி மாணவருக்கும் இது பொருந்தும். கடல் கடக்காமலே, மாவட்டத் தலைநகரிலுள்ள கல்லூரியிலேயே வேற்று மொழிப் படிப்பு தொடங்கிவிடுகிறதல்லவா?

அகராதியின் துணையின்றி ஆங்கில நூலொன்றைப் படிக்க, அதன் சொற்களில் 98 சதவீதமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று கொண்டால், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் என்பவர் 2006இல் கணக்கிட்டார். மலைக்க வேண்டாம். இது பல ஆண்டுகளில் எட்டும் இலக்கு. ஆனால் மூன்று மாதத்தில் எட்டும் இலக்கும் அன்று.

பாரிசுக்கு வந்த போலந்துப் பெண்

இவ்வளவு தடைகளையும் தாண்டியவர்கள் இருக்கிறார்களா? உங்கள் பாடநூலிலேயே இருக்கிறார்: மேரி கியூரி.

அவர் 1867இல் வார்சாவில் பிறந்தார். போலந்தின் அந்தப் பகுதி அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பள்ளியில் பாடமொழி ரஷ்யன். வீட்டில் போலிஷ். 1883இல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தார். ஆனால் வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அவரும் அக்காள் பிரோனியாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். முதலில் அக்காள் பாரிஸ் சென்று மருத்துவம் படிப்பது. தங்கை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் அனுப்புவது. பிறகு அக்காள் தங்கைக்கு உதவுவது. இப்படியாக மேரி பாரிசுக்கு வந்தபோது ஆண்டு 1891, நவம்பர் மாதம். வயது 24.

பிரெஞ்சு மொழி தமக்கு நன்றாகத் தெரியும் என்றே அவர் நம்பியிருந்தார். வகுப்பில் பேராசிரியர்கள் வேகமாகப் பேசியபோது முழு வாக்கியங்களே பிடிபடாமல் போயின என்று அவருடைய மகள் ஈவ் 1937இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். போதாததற்குக் கணிதத்திலும் அவருக்கு இடைவெளி இருந்தது.

அவர் என்ன செய்தார்? தொடக்கத்தில் அக்காள் வீட்டில் தங்கினார். அங்கே போலந்து நாட்டவரின் பேச்சும் கூட்டமும் எப்போதும் இருந்தன; பல்கலைக்கழகமும் தொலைவு. சில மாதங்களில் அதை விட்டு, பல்கலைக்கழகத்திற்கு அருகே ஒரு மாடி அறைக்குக் குடிபெயர்ந்தார். குளிர்காலத்தில் அந்த அறையில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துபோகுமாம். வகுப்பு, சோதனைச்சாலை, நூலகம், அறை என்று பிரெஞ்சு மொழிக்குள்ளேயே வாழ்ந்தார். 1893இல் இயற்பியல் பட்டத் தேர்வில் முதல் இடம். 1894இல் கணிதத்தில் இரண்டாம் இடம்.

இந்தக் கதையை "மன உறுதி இருந்தால் போதும்" என்று சுருக்கிவிடாதீர்கள். அவருக்குப் பாரிசில் அக்காள் இருந்தார். இடையில் போலந்து மாணவர்க்கான 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்தது. பள்ளியிலேயே வேற்று மொழியில் கற்ற பழக்கமும் இருந்தது. உறுதியோடு ஆயத்தமும் உதவியும் சேர்ந்தபோதுதான் அந்த முதல் இடம் கிடைத்தது.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம்

இன்று நம் மாணவர் பலரின் பார்வை ஜெர்மனியின் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பயிற்றுக் கட்டணம் வாங்குவதில்லை என்பது ஒரு காரணம். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டியதாயிற்று. கட்டணம் இல்லாத இடத்திலும் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பணம் வேண்டும். அது கையில் இருப்பதைக் காட்ட ஒரு வங்கிக் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 11,904 யூரோ என்று உயர்த்தப்பட்டது.

ஆங்கிலத்தில் நடத்தும் படிப்புகள் அங்கே மேற்பட்ட வகுப்புகளில் நிறைய உண்டு. ஆனால் முதற்பட்டப் படிப்பில் பெரும்பகுதி ஜெர்மன் மொழியில்தான். "எல்லாம் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பாடமொழி எது என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெர்மன் மொழியில் உங்களை ஏமாற்றக் காத்திருப்பவை சில. 47 என்பதை அவர்கள் "ஏழும் நாற்பதும்" என்று சொல்வார்கள். கேட்டவுடன் கை 74 என்று எழுதிவிடும்! தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள்: பையின் மதிப்பு 3,14. புள்ளியோ ஆயிரத்தைப் பிரிப்பது. ஆகவே 1.250 கிராம் என்றால் ஒன்றேகால் கிராம் அன்று. ஆயிரத்து இருநூற்றைம்பது கிராம். சோதனைச்சாலையில் இந்தக் குழப்பம் என்ன விளைவிக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உங்களுக்கு உதவக் காத்திருப்பவையும் உண்டு. சோடியத்துக்கு ஏன் என்ஏ என்றும், பொட்டாசியத்துக்கு ஏன் கே என்றும் குறியீடு வைத்தார்கள் என்று நீங்கள் வியந்ததுண்டல்லவா? ஜெர்மன் மொழியில் அவற்றின் பெயர்கள் நாட்ரியம், காலியம். குறியீடும் பெயரும் பொருந்திவிட்டன! ஹைட்ரஜனை "வாஸர்ஷ்டாஃப்" என்பார்கள். "நீர்ப் பொருள்" என்று பொருள். கார்பன் "கோலன்ஷ்டாஃப்", அதாவது "கரிப் பொருள்". நம் நூல்களில் வரும் நீரகம், கரிமம் என்ற பெயர்களும் இதே வழியில் பிறந்தவையே. சார்புத் தொடர்களில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலேயருக்கு இது தலைவலி. தமிழில் நாம் எப்போதும் வினைமுற்றுக்காகக் காத்திருந்து பழகியவர்கள்தானே?

சரி, எவ்வளவு உழைப்பு வேண்டும்? ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட பொது அளவுகோலில் மொழித் திறன் 6 படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பொதுவாக ஐந்தாம் படி எதிர்பார்க்கப்படுகிறது. சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று வழங்கும் கெதே நிலையத்தின் கணக்குப்படி, அந்தப் படியை எட்டச் சுமார் 800 முதல் 1,000 பாடவேளைகள் ஆகும். ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆகவே 600 முதல் 750 மணி நேரம். நாள்தோறும் 1 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 2 ஆண்டுகள். வகுப்புக்கு வெளியே படிக்கும் நேரம் தனி.

நம் பள்ளிச் சான்றிதழ் மட்டும் கொண்டு எல்லோரும் அங்கே நேரடியாகச் சேர்ந்துவிட முடியாது. தகுதி குறைவாகக் கருதப்படுபவர்களுக்கு ஷ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பு 2 பருவங்கள் உண்டு. மொழியும் பாடமும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். அதில் சேரவே நடுத்தர அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய ஆயத்த ஆண்டு புதிய யோசனை அன்று. 1960இல் மாஸ்கோவில் தொடங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்திலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் முதலில் ரஷ்ய மொழி பயின்ற பிறகே முதலாம் ஆண்டுக்குச் சென்றனர். அந்த ஓராண்டை வீண் என்று எண்ணக் கூடாது. அஸ்திவாரத்துக்குத் தோண்டும் நாட்களில் வீடு உயர்வதில்லை. அதற்காகத் தோண்டாமல் விடுவோமா?

மறதியை வெல்வது எப்படி?

ஜெர்மன் உளவியலார் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரங்களில் மறதி மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது, ஒரே மூச்சில் படிப்பதைவிட மேலானது. எனவே ஞாயிற்றுக்கிழமை 7 மணி நேரம் படிப்பதைவிட நாள்தோறும் 1 மணி நேரம் மொழி பயில்வது நல்லது.

பாடப் பகுதியை முந்தின நாள் தமிழிலோ ஆங்கிலத்திலோ படித்துப் புரிந்துகொண்டு வகுப்புக்குப் போங்கள். கருத்து முன்பே தெரிந்தால் மனப் பலகையில் மொழிக்கு இடம் கிடைக்கும். இவ்வகையில் தாய்மொழி வேற்று மொழிக்கு எதிரி அன்று, ஏணி.

முடிவு செய்யுமுன்

வீட்டில் பெரியவர்களோடு அமர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. நான் விரும்பும் படிப்பில் விரிவுரை, செய்முறை, தேர்வு ஆகிய மூன்றும் எந்த மொழியில் நடக்கின்றன?

2. அந்த மொழியில் ஒரு 10 நிமிட அறிவியல் பேச்சைக் கேட்டு, அதன் சாரத்தை என்னால் தமிழில் எழுத முடிகிறதா? இன்று எவ்வளவு? ஆறு மாதம் கழித்து எவ்வளவு?

3. மொழி ஆயத்தத்துக்கு ஓர் ஆண்டு கூடுதலாக ஆனால், அந்த ஆண்டின் செலவைக் குடும்பம் தாங்குமா?

4. அதே படிப்பு நம் நாட்டில் கிடைக்கிறதா? கிடைத்தும் நான் வெளியே போவது எதற்காக?

நான்காவது கேள்விக்கு "எல்லோரும் போகிறார்கள்" என்பதுதான் விடை என்றால், பொறுத்திருங்கள். முதற்பட்டத்தை இங்கே பெற்று, மொழியையும் கற்று, மேற்படிப்புக்குச் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. "அந்தத் துறை அங்கேதான் சிறப்பாக இருக்கிறது, அதற்காக 700 மணி நேரம் உழைக்க நான் தயார்" என்பது விடையானால், இன்றே முதல் மணி நேரத்தைத் தொடங்கிவிடுங்கள்.

அங்கே போய் முதல் மாதங்களில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் நாளும் வரலாம். அன்று மூளையைக் குறை சொல்லாதீர்கள். நிறைந்துபோனது உங்கள் மனத்தின் கரும்பலகை மட்டுமே. ஒவ்வொரு புதிய சொல்லும் பழகப் பழக அதில் கொஞ்சம் இடம் காலியாகும். அந்த இடத்தில்தான் உங்கள் அறிவியல் எழுதப்படப் போகிறது.